குறையைச் சொல்லாத வகுப்பு

படுவான்கரையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு அரைச்சுவர்தான் உண்டு. மற்ற அரைவாசி இடத்தை வாவி அடைத்துக்கொண்டு நின்றது. காலை வெயில் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எழும்பிக் கூரைக் கிடுகின் அடிப்பக்கத்தில் ஏறி, பிள்ளைகளின் தலைக்கு மேலே வலை வலையாக ஆடும். நாலாம் வாய்பாடு நடக்கும்போது நான் தவறி மேலே பார்த்துவிட்டால் அவ்வளவுதான். அந்த வலைக்குள் போய்விடுவேன். திரும்பி வரும்போது பிள்ளைகள் வாய்பாட்டை எப்போதோ முடித்துவிட்டு, வாயைத் திறந்தபடி தாங்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சேர், மேல என்ன இருக்கு?"

"உங்கட மூளை. பறந்து போயிற்று. பிடிக்கப் பார்க்கிறன்."

இப்படித்தான் எங்கள் படிப்பு நடந்தது.

நான் அப்போது முழு வாத்தியார் இல்லை. வாத்தியாராக வர ஆசைப்பட்ட ஆள். எஸ்.எஸ்.சி. சோதனையில் கணிதம் முதல்முறை என்னைக் கண்டு ஓடியது, இரண்டாம்முறை இரக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதற்கு மேல் படிக்க எனக்கும் பொறுமை இல்லை, வீட்டிலும் இல்லை. தொண்டராசிரியர் என்று ஒரு பெயரைக் கொடுத்து, வாவிக்கு அந்தப் பக்கத்து இரண்டாம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். மட்டக்களப்புப் பட்டினத்தில் ஒழுங்கையையும் சினிமாக் கொட்டகையையும் தெரிந்துவைத்திருந்த எனக்கு, வயல் என்பது பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஓடுகிற ஏதோ ஒன்று.

தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். நல்ல மனிதர், ஆனால் பகிடியும் சிரிப்பும் அவருக்குச் செமிக்காது. மாசி மாதம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தம்பி, பங்குனியிலை பள்ளிக்கூடம் சோதிக்க வித்தியாதரிசி வாறார். உம்மடை வகுப்பிலை கழித்தல் கேப்பார். பிள்ளையள் சொன்னால், உம்மை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு எடுக்கச் சொல்லி நான் அவரிட்டைக் கதைப்பன். சொல்லாட்டி நான் வாய் திறக்கமாட்டன். விளங்குதோ?"

"விளங்குது சேர்."

"முதலிலை உமக்குக் கழித்தல் தெரியுமோ?"

"ஒருமாதிரி சேர்."

அவர் வாய் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாமாவின் பேக்கரியில் ஒரு சைக்கிள் எனக்காகவே சுவரில் சாய்ந்து நின்றது. பின்னால் தகரப் பெட்டி, பெட்டிக்குள் பாண், பெட்டிக்கு முன்னால் சாகும்வரைக்கும் நான். மாமா என்னைக் காணும்போதெல்லாம் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்.

என் வகுப்பில் மூன்று வரிசை, மூன்று உலகம். முன்வரிசையில் ஊருக்குள்ளிருந்து வருகிற சைவப் பிள்ளைகள், வேளாண்மைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பகிடி விட்டால் சட்டைக் கழுத்துக்குள் முகத்தை இறக்கிவிடுவார்கள். நடுவரிசையில் ஏறாவூர் முஸ்லிம் பிள்ளைகள். அவர்களுடைய குடும்பங்கள் வயலோரம் வாடி போட்டுத் தங்கி நெல் செய்தன. அவர்களுக்கு ஒரு பகிடி கொடுத்தால் இரண்டாகத் திருப்பித் தருவார்கள். பின்வரிசையில் கரையோரத்து வேதக்காரப் பிள்ளைகள், அதாவது மீன்பிடிக்கிற கிறிஸ்தவர்களின் பிள்ளைகள். நானும் வேதம்தான், ஆனால் அவர்கள் என்னை வாத்தியாராகவே கணக்கில் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு காலையும் என்னை வாவிக்குக் குறுக்கே கூட்டிவருகிற தோணிக்காரர் அந்த வரிசையில் இருந்த ஒருவனின் தகப்பன். மகனும் தோணியில் இருப்பான். நடு வாவியில் தோணி கொஞ்சம் சரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பிடிக்கிற ஆளுக்கு, வகுப்பில் வந்து எப்படிப் பயப்படுவது?

"அண்ணன்" என்றுதான் கூப்பிடுவான். சேர் என்று சொல்லச் சொன்னால், "சரி அண்ணன்" என்பான்.

ஒரே பகிடியை மூன்று வரிசைக்கும் விட்டுப் பார்த்தேன். முன்வரிசை அழுதது, நடுவரிசை சிரித்தது, பின்வரிசை அடிக்க வந்தது. ஆகவே வரிசைக்கு ஒரு பகிடி தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. தோணியில் வரும்போது அதைத்தான் யோசிப்பேன். விடிந்தும் விடியாத வேளையில் வாவி பால் ஆறினாற்போல ஆடாமல் கிடக்கும். சவள் துடுப்புத் தண்ணீரைத் தொடுகிற சத்தம் மட்டும் கேட்கும். பட்டினத்து எழுவான்கரை பின்னால் புகையாகிப் போகும், படுவான்கரை முன்னால் இன்னும் ஆகியிருக்காது. இரண்டு கரையும் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாப் பிள்ளைகளின் முகமும் ஒன்றாகத் தெரியும். கரை வந்ததும் மூன்றாகிவிடும்.

அது சூடடிக்கிற காலம். வெட்டிய கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளை வளைய வளைய நடத்தி நெல்லைப் பிரிப்பார்கள். அந்தக் களத்துக்கு அங்கே களவெட்டி என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை கிடந்த வயல்வெளியில் களவெட்டிகள்தான். மாட்டின் பின்னால் நடக்கிறவர்கள் நாள் முழுக்க ஒரு சொல்லை இழுத்து இழுத்துச் சொல்வார்கள்: "பொலி... பொலி... பொலி..." பெருகு, பெருகு என்று. என் காதுக்கு அது தாலாட்டு. வைக்கோல் தூசி வெயிலில் பொன்னாக மிதந்து, அரைச்சுவரைத் தாண்டி வந்து, சிலேட்டுகளில் படியும். பிள்ளைகள் அதில் விரலால் மீன் கீறுவார்கள். அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், உலகத்துக்குக் கணக்கே தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் வித்தியாதரிசிக்குத் தேவையாம்.

இப்போது பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்கிறார்கள், பிள்ளையின் சூழலில் இருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று. எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் சூழலை ஒரு சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பு நடுவில் கொட்டியவன்.

வயல் பிள்ளைகளுக்கு வயலாலேயே படிப்பிப்போம் என்று நினைத்து, கொஞ்சம் நெல் கேட்டு வாங்கி வந்து, சிமெந்துத் தரையில் குவித்தேன். அளக்க ஒரு சிரட்டை. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கிற வட்டை விதானையாரின் மகள். அதுவரை என்னோடு ஒரு சொல்லும் பேசாதவள். அவளைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். நெல்லைக் கண்டதும் பிள்ளையின் முகமே மாறியது. சப்பாணி கட்டி இருந்து, சிரட்டையை நிறைத்து, ஒரு மணி சிந்தாமல் சாய்த்தாள்.

"லாபம்," என்றாள். அடுத்த சிரட்டை. "ரெண்டு. மூண்டு. நாலு..."

"நில்லு புள்ள, நில்லு. ஒண்டு எங்க போயிற்று?"

"அதுதான் சேர் லாபம்."

"கடையா வைச்சிருக்காய்? ஆகலும் யாவாரத்தில போகாத கா, வாய்பாட்டில வா."

முகம் சட்டைக்குள் இறங்கியது. நடுவரிசையிலிருந்து ஏறாவூர்ப் பையன் ஒருத்தன் எழும்பினான். வகுப்பிலேயே என் பகிடிக்கு ஈடுகொடுக்கிற ஒரே ஆள்.

"சேர், நெல்லு அளக்கக்குள்ள ஒண்டு எண்டு சொல்லொண்ணா. எங்கட வாப்பாவும் லாபம் எண்டுதான் தொடங்குவார். ஒங்களுக்கு இதும் தெரியாதா? ஆரு சேர் ஒங்களப் படிப்பிச்ச?"

"சரிடா, இரு. லாபமே இருக்கட்டும்."

ஒன்பது சிரட்டை வந்தது. நான் கைகளைத் தேய்த்துக்கொண்டு கேட்டேன்: "இப்ப இதில நாலு சிரட்டைய நான் அள்ளிக்கிட்டுப் போனா எவ்வளவு குறையும்? எவ்வளவு மிஞ்சும்?"

வகுப்பு விறைத்துப்போனது. விதானையார் மகள் இரண்டு கையாலும் நெற்குவியலைப் பொத்திக்கொண்டாள். ஏறாவூர்ப் பையன் முகத்தில் இருந்த குறும்பு அணைந்தது. முன்வரிசையும் நடுவரிசையும் என்னை ஒரு கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தன. பின்வரிசையில் தோணிக்காரர் மகனுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். விடை அவனுக்குத் தெரியும்.

"நாலு குறையும் அண்ணன்! அஞ்சுதான் மிச்சம்! அதும் முடிஞ்சிரும்!"

"வாயப் பொத்துடா கெளுத்தி!" என்று ஏறாவூர்ப் பையன் பாய்ந்தான். கெளுத்தி என்றால் மீன், அவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. இரண்டு பேரும் நெல்லில் உருண்டார்கள். சிரட்டை ஒரு பக்கம், சிலேட்டு ஒரு பக்கம். அரைச்சுவருக்கு மேலே தலைமை ஆசிரியரின் தலை உதித்தது.

"என்ன தம்பி, கழித்தலோ பெருக்கலோ?"

"ரெண்டையும் சேர்த்துச் செய்யிறம் சேர்."

அவர் போனபின் நானும் தரையில் இருந்தேன். சிதறிய நெல்லை எல்லோருமாகக் கூட்டினோம். அந்த வேலையில் மெல்ல மெல்ல வாய் திறந்தது. முதலில் விதானையார் மகள்தான்.

"களவெட்டில குறை எண்டு சொல்லொண்ணா சேர். முடிஞ்சு எண்டும் சொல்லொண்ணா, இல்ல எண்டும் சொல்லொண்ணா. பூதம் கேட்டுக்கிட்டே இருக்கும். சொன்னா அள்ளிற்றுப் போயிரும்."

"பூதமில்ல சேர், சைத்தான்," என்றான் ஏறாவூர்ப் பையன், சட்டையிலிருந்து நெல் தட்டியபடி.

"பூதம்தான்!"

"சைத்தான்! வாப்பா சொன்ன!"

"இஞ்ச எங்கடா களவெட்டி?" என்று தோணிக்காரர் மகன் இரண்டு பேரையும் கேட்டான். "இது பள்ளிக்கூடம்."

"நெல்லு கிடக்குதுதானே? நெல்லு கிடந்தா அது களவெட்டிதான்," என்றான் ஏறாவூர்ப் பையன்.

நான் தோணிக்காரர் மகனின் பக்கம் திரும்பினேன்.

"ஏன்டா, அப்பா வலைய ஏத்திக்கிட்டு வெளிக்கிடக்குள்ள, எங்க போறீங்க எண்டு நான் கேட்டா?"

"செவிட்டப் பொத்தி அறைவார்."

"ஏன்?"

"மீன் படாதே! அப்பிடிக் கேக்கிறதா அண்ணன்..." என்று தொடங்கியவன் பாதியில் நின்றான். நெல்லைப் பார்த்தான். பிறகு ஏறாவூர்ப் பையனைப் பார்த்தான். "அப்ப சரி," என்றான் சின்னக் குரலில், தன் காற்சட்டைப் பைக்குள் போயிருந்த நெல்லையும் எடுத்துக் குவியலில் போட்டான்.

எனக்கும் ஒன்று நினைவு வந்தது. வீட்டு வாசலில் நின்று நான் "போறன்" என்று சொன்னால் அம்மா தெருவரைக்கும் ஓடிவந்து இழுத்துக்கொண்டு போவாள். திரும்ப உள்ளே போய், "போயிற்று வாறன்" என்று சொல்லித்தான் வெளிக்கிட வேண்டும். பஸ் போனாலும் பரவாயில்லை. அந்த மத்தியானம் நாங்கள் அந்தக் குவியலைச் சுற்றி இருந்தோம். பின்னால் "பொலி... பொலி..." முன்னால் வாவி. கும்பிடுகிற இடம் மூன்று. ஆனால் எங்கேயோ காற்றில் ஒரு பெரிய காது இருக்கிறது என்பதிலும், அதற்குப் பயந்து பேச வேண்டும் என்பதிலும் ஒருவருக்கும் சண்டை இல்லை.

பின்னேரம் தோணியில் திரும்பும்போது வாவி கண்ணாடியாகக் கிடந்தது. வானம் மேலேயா கீழேயா என்று தெரியாத மயக்கம். மீன்கட்டுக் கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. தோணி கிட்டப் போனதும் சில எழும்பிப் பறந்தன. அவை தண்ணீரிலும் பறந்தன, வானத்திலும் பறந்தன. நான் அரைத் தூக்கத்தில் மற்றவற்றை எண்ணினேன், கம்பில் இருந்தவற்றை. போனவை எத்தனை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படியும் அவை அந்தக் கம்புக்குத்தான் வரும்.

அடுத்த நாள் வகுப்பில் நெல் இல்லை. ஒன்பது பேரை அரைச்சுவரோரம் நிறுத்தினேன்.

"நாலு பேர் எனக்கிட்டச் சொல்லிற்று வாவிக் கரைக்குப் போங்க."

"போயிற்று வாறம் சேர்!"

"இருக்கிறது எத்தனை?"

"அஞ்சு!" என்று வகுப்பு கத்தியது. கரையில் நின்ற நாலும் கையைக் காட்டின. குறை இல்லை, முடிவு இல்லை, பூதத்துக்கும் சைத்தானுக்கும் ஒரு வேலையும் இல்லை. பிறகு நடந்ததுதான் தொல்லை. எல்லோருக்கும் கழிபட ஆசை வந்துவிட்டது. முன்வரிசையும் பின்வரிசையும் கைகோத்துக்கொண்டு கழிபட்டன. சிலேட்டில் எழுதவும் நன்றாகவே பழகினார்கள். ஆனால் எந்த நேரமும் பாதி வகுப்பு கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டு நின்றது.

"உம்மடை பிள்ளையள் எங்கை தம்பி?" என்பார் தலைமை ஆசிரியர்.

"கழிச்சு விட்டிருக்கிறன் சேர். வந்திருவாங்க."

ஏறாவூர்ப் பையன் மட்டும் ஒரு நாள் கேட்டான்: "போனவங்க வந்திட்டா மறுகாவும் ஒன்பதுதானே சேர்? அப்ப என்னத்துக்கு இந்தக் கணக்கு?" நான் கூரையில் ஆடிய வெளிச்சத்தை நன்றாகப் பார்த்தேன்.

பங்குனியில் வித்தியாதரிசி வந்தார். வெள்ளைக் காற்சட்டை, தோணியால் இறங்கும்போது முழங்கால்வரை நனைந்திருந்தது. அதனால் முகமும் நல்லாயில்லை. தலைமை ஆசிரியர் அவருக்குப் பக்கத்தில், நான் கரும்பலகைக்குப் பக்கத்தில். களவெட்டியில் கடைசிக் கதிர்ச் சூடுகள் இன்னும் மிதிபட்டுக்கொண்டிருந்தன.

அவர் விதானையார் மகளைக் காட்டினார். "ஒன்பதில நாலு போனா?"

"அஞ்சு இருக்கும் சேர்." கொஞ்சம் யோசித்தாள். "நாலும் வரும்."

"எங்க இருந்து வரும்?"

"போன இடத்தில இருந்து சேர்."

வித்தியாதரிசி என்னைப் பார்த்தார். தலைமை ஆசிரியரும் என்னைப் பார்த்தார். தோணிக்காரர் மகனைப் பலகைக்குக் கூப்பிட்டார்கள். பதினைந்தில் ஆறைக் கழித்துச் சரியாக ஒன்பது போட்டான். எனக்கு மூச்சு வந்தது. அப்போது வித்தியாதரிசி ஏறாவூர்ப் பையன் பக்கம் திரும்பினார்.

"உங்கட உம்மா ஏழு முட்டை வைச்சிருக்கா. பூனை தட்டி ஏழும் உடைஞ்சு போயிற்று. மறுகா என்ன இருக்கும்?"

நாங்கள் ஒருநாளும் செய்யாத கழித்தல் அது. எல்லோரையும் கரைக்கு அனுப்பினால் எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே என்று நான் முழு வகுப்பையும் அனுப்பியதில்லை. பையன் களவெட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் "பொலி... பொலி..." முன்வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயைப் பார்த்தது. விடை அவனுக்குத் தெரியும். அந்தச் சொல்தான் ஆகாது.

"கோது இருக்கும் சேர்."

"கோத விடு. முட்டை?"

"பூனை இருக்கும் சேர்."

"பூனையையும் விடடா!"

தலைமை ஆசிரியரின் காது சிவந்தது. என் காதில் பேக்கரிச் சைக்கிளின் மணி கணீரென்று கேட்டது. "ஒண்டுமில்ல எண்டு சொல்லுடா" என்று நான் ஒரு வசனம் சொன்னால் போதும், பையன் சொல்லியிருப்பான். வாத்தியார் சொல்லிச் செய்யாத பிள்ளை அங்கே இல்லை. விதானையார் மகளின் கைகள் மடியில் ஒன்றும் இல்லாத இடத்தைப் பொத்திக்கொண்டிருந்தன. வாவியிலிருந்து வந்த வெளிச்சம் அந்தக் கைகளுக்கு மேலே மெல்ல ஆடியது. கலாசாலை போனால் போகட்டும், பாண் விற்பவனும் மனிதன்தான் என்று நினைத்தேன்.

"சேர், அவன் எழுதிக் காட்டட்டும்," என்றேன்.

பையன் வந்தான். சுண்ணாம்புக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பலகை நடுவில் பெரிதாக, நீட்டாக ஒரு வட்டம் போட்டான்.

"இது என்ன?"

"முட்டை சேர்."

"ஏழும் உடைஞ்சு போயிற்றே!"

"ஓம் சேர்," என்றான் பையன் பொறுமையாக, விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போல. "அதான் முட்டை."

சோதனையில் சைபர் எடுத்தால் எங்கள் பக்கத்தில் முட்டை என்றுதான் சொல்வோம். வித்தியாதரிசிக்கு அது ஏறக் கொஞ்ச நேரம் எடுத்தது. பின்வரிசையில் முதலில் வெடித்தது. பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர், என்னையும் கண்ணால் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, உங்கட வகுப்பில ஒரு புள்ளையும் 'இல்ல' எண்டு சொல்லுதில்ல?"

வெளியே நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன், சிரட்டை முதல் சிப்பி வரை. அவர் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தச் சூடெல்லாம் எப்ப முடி..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எப்ப நிறையும்?" என்றார்.

"இந்தக் கிழமையில சேர்."

"ம். கலாசாலைக்குப் போய் இந்தக் கழித்தல அங்க உள்ள ஆக்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்காதயும். அவங்க சிரிக்க மாட்டாங்க."

அது எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் போனபிறகு தலைமை ஆசிரியர் வந்து, "கதைச்சுப்போட்டன் தம்பி, உம்மை எடுப்பினம். ஏன் கதைச்சன் எண்டு எனக்கே தெரியேல்லை," என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் விளங்கியது.

பின்னேரம் தோணியில் தகப்பன் சவள் போட்டார். மகன் பின்னால் குந்தியிருந்து சிரட்டையால் தோணிக்குள் ஊறுகிற தண்ணீரை அள்ளி ஊற்றினான். நான் விளிம்பைப் பிடிக்க மறந்துபோய் இருந்தேன். கரை இரண்டும் கரைந்துபோயிருந்தன.

"அண்ணன், இனி நீங்க உண்மையான வாத்தியா?"

"கலாசாலையில படிச்சிற்று வந்தா உண்மையான வாத்திதான்."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"இவ்வளவு நாளும் பொய் வாத்தி."

அவன் இரண்டு சிரட்டைத் தண்ணீர் ஊற்றும்வரை யோசித்தான்.

"அப்ப என்ட சிலேட்டில நீங்க போட்ட பிழையெல்லாம்?"

"அதெல்லாம் செல்லாது."

"ஒண்டும் செல்லாதா?"

"ஒண்டும் செல்லாது."

அவன் சிரட்டையைப் போட்டுவிட்டு எழும்பி நின்றான். தோணி ஒரு பக்கம் சரிந்தது.

"அப்பா! இந்த வருஷம் முழுக்க நான் சரியாம்!"

தகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. "சரிதான் மனே," என்றார். "முதல்ல கீழ இரு, தண்ணிய அள்ளு."